நாளைக்கு எத்தனை யூனிட் வரும்?

வாசகர் கேள்வி - பதில்

மொட்டை மாடி சோலார் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். மானியம், வங்கிக் கடன், எந்த பேனல் நல்லது என்றுதான் வரும் என்று நினைத்தால், நிறையப் பேர் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து நாளைக்கு எத்தனை யூனிட் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும், ஓரளவுக்கு. எந்த அளவுக்கு என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

*

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். தினமும் போனில் வானிலை பார்த்துத்தான் மறுநாளைக்கு மனக்கணக்குப் போடுகிறேன். மழையே இல்லை என்று காட்டிய நாளில் 7 யூனிட்தான் வருகிறது. மழைப் படம் காட்டிய நாளில் 13 யூனிட் வருகிறது. எதை நம்புவது?
- ஒரு வாசகர், தென்காசி

அந்தச் சின்னப் படத்தை நம்பாதீர்கள் ஐயா. குடை எடுக்கலாமா, வற்றல் காயப் போடலாமா என்று கேட்பவருக்காகப் போட்ட படம் அது. நாளில் எப்போதாவது மழைக்கு வாய்ப்பிருந்தாலே மழைத்துளியைப் போட்டுவிடுவார்கள். அந்த மழை ராத்திரி 11 மணிக்குப் பெய்தால் உங்கள் பேனலுக்கு என்ன நஷ்டம்? சொல்லப்போனால் லாபம், தூசியைக் கழுவிவிட்டுப் போகும்.

உங்கள் ஊர் விஷயம் இன்னும் வம்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியாக மேகத்தையும் சாரலையும் மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிடும். மழைமானியில் பெரிதாக ஒன்றும் விழாது, அதனால் "மழை இல்லை" என்ற முன்னறிவிப்பு பலித்த மாதிரிதான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை மப்பும் மந்தாரமும். அன்றைக்கு 7 யூனிட் வந்ததே பெரிது.

அப்படியானால் மேகமூட்டம் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாமே என்பீர்கள். அதுவும் ஏமாற்றும். வெகு உயரத்தில் மெல்லிய பால் நிறத்தில் மேகம் பரவியிருந்தாலும் 100 சதவீதம் என்று காட்டும், வெயில் அதன் வழியாக இறங்கி வந்துவிடும், நிழல்கூடத் தரையில் தெரியும். தாழ்வாகக் கறுத்துக் கிடந்தாலும் அதே 100 சதவீதம்தான். முதல் வகையில் உற்பத்தி கொஞ்சம்தான் குறையும், இரண்டாவதில் கால்வாசி வந்தால் அதிகம்.

நீங்கள் பார்க்க வேண்டியது சூரியக் கதிர்வீச்சு என்கிற எண். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு நாள் முழுவதும் எவ்வளவு சூரிய ஆற்றல் வந்து சேரும் என்பதை வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்கள் எப்படியும் கணக்குப் போட்டாக வேண்டும், தரை எவ்வளவு சூடாகும் என்பதே அதை வைத்துத்தான். ஆனால் பொதுமக்களுக்கான பெரும்பாலான செயலிகளில் அதைக் காட்டுவதில்லை, கேட்பாரில்லை என்று விட்டுவிட்டார்கள். ஓப்பன்-மீட்டியோ என்ற இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. சொந்த உபயோகத்துக்குக் கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். ஊரைக் கொடுத்து, தினசரிப் பட்டியலில் "ஷார்ட்வேவ் ரேடியேஷன் சம்" என்பதை டிக் செய்தால் அடுத்த ஒரு வாரத்துக்கான எண்கள் வந்துவிடும். நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்ற மறக்காதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடல் பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் சுமார் 13 கிலோமீட்டர். 2025 மே மாதம் நம் நாட்டில் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டருக்கு இறங்கியிருக்கிறது. எப்படி இருந்தாலும் உங்கள் கணவாயும் மலைச்சரிவும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். சாரல் காலத்தில் தென்காசிக்கு வரும் எண்ணில் திருநெல்வேலியின் வெயில் கொஞ்சம் கலந்திருக்கும், அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

*

எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அவ்வளவு தெரியாது. கணக்கு நோட்டில் தினமும் இன்வெர்ட்டர் யூனிட்டை மட்டும் எழுதி வைக்கிறேன். நானே கணக்குப் போடுகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்களேன்.
- இல்லத்தரசி, திருச்சி

நோட்டு இருக்கிறதா, அது போதும். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, மேலே சொன்ன கதிர்வீச்சு எண்ணைத் தினமும் எழுதுங்கள். அது மெகாஜூல் என்ற ஆற்றல் அலகில் இருக்கும். பளிச்சென்ற நாளில் 22 முதல் 25 வரை வரும், அடை மழை நாளில் 6, 7-க்கு இறங்கும்.

புத்தகக் கணக்கு இப்படிப் போகும்: மெகாஜூலை 3.6-ஆல் வகுத்தால் யூனிட் கணக்குக்கு வரும். 24 மெகாஜூல் என்றால் 6.67. அதை உங்கள் கிலோவாட்டால் பெருக்குங்கள், 3 கிலோவாட் என்றால் 20. இது ஏட்டளவில். வெயில் சூடு, தூசி, கம்பியில் போகிற இழப்பு, பேனலின் டிசி மின்சாரத்தை ஏசி ஆக்கும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வது எல்லாம் போக, 75 முதல் 80 சதவீதம்தான் கையில் வரும். 75 என்று வைத்தால் 15 யூனிட்.

ஆனால் இந்த 75-ஐ நான் சொல்வதைவிட உங்கள் மாடி சரியாகச் சொல்லும். அதனால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு வகுத்தல் செய்யுங்கள்: அன்று வந்த யூனிட்டை அன்றைய மெகாஜூலால் வகுங்கள். 24-க்கு 15 வந்ததா, 0.625. இரண்டு மூன்று வாரம் இப்படி எழுதினால் எண்கள் 0.6-ஐ ஒட்டியே சுற்றுவதைப் பார்ப்பீர்கள், ஒன்றிரண்டு நாள் மட்டும் தாறுமாறாக இருக்கும். சராசரிக்குப் பதிலாக நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், தாறுமாறான நாட்கள் அதைக் கெடுக்காது. அதுதான் உங்கள் வீட்டு எண். நாளைக்கு 18 மெகாஜூல் என்று போட்டிருந்தால் 18-ஐ 0.625-ஆல் பெருக்கி, 11 யூனிட் சொச்சம் என்று சொல்லிவிடலாம். பேனலின் சாய்வு, திசை, பக்கத்து வீட்டு மாமரம், கட்டங்களில் வரும் பிசகு எல்லாமே அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிட்டன.

ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை எண்ணைப் புதுப்பியுங்கள். சூரியன் இடம் மாறுவதால் எண்ணும் மாறும்.

*

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சோலார் அள்ளிக் கொட்டும் என்று பார்த்தால் மார்ச்சைவிடக் குறைவாக வருகிறது. போட்டவர்களைக் கேட்டால் "சூடு சார், சூட்டில் குறையும்" என்கிறார்கள். நிஜமா, சமாளிக்கிறார்களா?
- வாசகர், சென்னை வில்லிவாக்கம்

பாதி நிஜம். பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், பேனலுக்குள் இருக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். உச்சி வெயிலில் செல்லின் சூடு காற்றின் சூட்டைவிட 25, 30 டிகிரி அதிகம் இருக்கும். வெளியே 38 என்றால் செல் 68-ஐத் தொடும், அதாவது 43 டிகிரி கூடுதல், 15 சதவீதம் போச்சு.

சரி, மார்ச்சில்? வெளியே 32 என்று வையுங்கள், செல் 62, இழப்பு 13 சதவீதம். ஆக மார்ச்சுக்கும் மே-க்கும் நடுவில் சூட்டினால் வருகிற வித்தியாசம் 2 சதவீதம்தான். உங்கள் உற்பத்தி அதைவிட நிறையக் குறைந்திருந்தால் சூட்டின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது.

மிச்சத்துக்குக் காரணம் இரண்டு மூன்று. பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்த்துத்தான் மாட்டியிருப்பார்கள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி நிழலில்லா நாள் வரும், அன்று நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல். அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வரும்வரை உச்சிச் சூரியன் வடக்கே இருக்கிறது. 13 டிகிரி தெற்குச் சாய்வில் உள்ள பேனலுக்கு மார்ச் 21-இல் வெயில் நேர்குத்தாக விழும், மே நடுவில் 18, 19 டிகிரி சாய்ந்து விழும், அதிலேயே நண்பகலில் 5 சதவீதம் போய்விடும். அப்புறம் கோடையில் காற்றில் தூசியும் நீராவியும் சேர்ந்து வானம் வெளிறிக் கிடக்கும். கண்ணைக் கூசவைக்கும், ஆனால் நேர் வெயில் குறைவு. மாசி, பங்குனியில் பார்க்கும் அந்தக் கருநீலம் மே மாதத்தில் கிடையாது. மாதக்கணக்கில் மழை படாத பேனலில் படிந்திருக்கும் அழுக்கை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் முன்னறிவிப்பில் "அதிகபட்ச வெப்பநிலை 41" என்று பார்த்து அமோக உற்பத்தி என்று நினைக்க வேண்டாம். வெப்பநிலை வேறு, வெளிச்சம் வேறு.

*

பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கிறார்களே, அதை வைத்து வருஷ உற்பத்தியைக் கணிக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

வேண்டாம். ஆனால் அதே பஞ்சாங்கத்தில் உதயமும் அஸ்தமனமும் போட்டிருப்பார்களே, அதைப் பாருங்கள். நம் பக்கம் ஜூனின் நீண்ட பகலுக்கும் டிசம்பரின் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட முழுசாக வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் பகலே சுருங்கி உற்பத்தி விழும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுவதற்கு முதல் காரணம் மேகம். அதனால்தான் இங்கே முன்னறிவிப்பு என்றால் மேகத்தைக் கணிப்பது என்றே ஆகிவிடுகிறது.

*

நெட் மீட்டர் வைத்திருக்கிறேன். பேட்டரி இல்லை. நாளைக்கு 9 யூனிட், நாளன்றைக்கு 14 யூனிட் என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்?
- தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்

ஒன்றும் செய்ய மாட்டீர்கள். இதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான், மகிழ்ச்சி. வீட்டு இணைப்பில் நெட் மீட்டர் என்றால், கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக்கொண்டு பில் போடுகிறார்கள். கிரைண்டரைப் பகலில் ஓட்டினாலும் ராத்திரி ஓட்டினாலும் உங்களுக்கு ஒரே கணக்கு. இதற்கென்று செயலிக்குச் சந்தா கட்டச் சொல்லி யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு இதில் உபயோகம் வேறு இடத்தில் இருக்கிறது. நாளைய எண்ணை விடுங்கள், நேற்றைய எண்ணைப் பாருங்கள். நேற்று 23 மெகாஜூல் வெயில் அடித்திருக்கிறது, உங்கள் வீட்டு எண் 0.62, அப்படியானால் 14 யூனிட் வந்திருக்க வேண்டும், வந்தது 10. எங்கோ கோளாறு. பேனலில் ஒரு வரிசை செத்துப்போனாலும் இன்வெர்ட்டர் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், இரண்டு மாதம் கழித்து ஈபி பில் வந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. அந்த எண் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல 0.62, 0.60, 0.57 என்று இறங்கினால் அது அழுக்கு. விடிகாலையிலோ சாயங்காலமோ கழுவுங்கள், கொதிக்கிற கண்ணாடியில் உச்சியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைக் கறை படியும், கடைசியில் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

*

அண்ணா, ஐடியில் வேலை. எங்கள் வீட்டு 5 கிலோவாட் சிஸ்டத்தின் ஒரு வருஷ டேட்டாவை எடுத்து, வெப்பநிலை, ஈரப்பதம், மேகமூட்டம் எல்லாம் போட்டு பைத்தானில் ராண்டம் ஃபாரஸ்ட் என்ற மெஷின் லேர்னிங் மாடல் செய்தேன். டெஸ்டில் 6 சதவீதம்தான் பிழை. நிஜத்தில் ஓடவிட்டால் 30 சதவீதம் தவறுகிறது. எங்கே கோட்டை விட்டேன்?
- இளைஞர், கோயம்புத்தூர்

தம்பி, நாலு இடத்தில் சந்தேகம் இருக்கிறது, முக்கியமானதை முதலில் சொல்கிறேன். பழைய வானிலை டேட்டாவை எங்கிருந்து எடுத்தீர்கள்? அன்று நிஜமாக நடந்ததை வைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, இப்போது முன்னறிவிப்பைக் கொடுத்துக் கேட்டால் அது தடுமாறத்தான் செய்யும். நடந்த மேகமும் கணித்த மேகமும் ஒன்றல்ல. அன்றைக்கு முந்தின நாள் என்ன முன்னறிவிப்பு கொடுத்தார்களோ அதை வைத்துப் பயிற்சி கொடுங்கள், பழைய முன்னறிவிப்புகளை ஓப்பன்-மீட்டியோ சேமித்தும் தருகிறது. அப்போதுதான் முன்னறிவிப்பு எப்போதெல்லாம் பொய் சொல்லும் என்பதையும் உங்கள் மாடல் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள்? வரிசைகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்திருந்தால் காலை 10 மணி பயிற்சியில் இருக்கும், அதே நாள் 11 மணி டெஸ்டில் இருக்கும். பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதிய பரீட்சை அது, 6 சதவீதம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. முழு வாரங்களாக, மாதங்களாகப் பிரியுங்கள்.

மூன்றாவது, நேரம். ஓப்பன்-மீட்டியோவில் 10 மணி என்று போட்டிருக்கும் கதிர்வீச்சு 9-இலிருந்து 10 வரையிலான சராசரி. உங்கள் இன்வெர்ட்டர் 5 நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதுவதை 10 முதல் 11 வரை கூட்டி "10" என்று பெயர் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது. காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் தொடர்ந்து தவறினாலோ, அப்படியே தலைகீழாக இருந்தாலோ சந்தேகமே வேண்டாம், இதுதான்.

நான்காவது சின்ன விஷயம்: கரண்ட் போன மணி நேரங்களை டேட்டாவிலிருந்து எடுத்துவிட்டீர்களா? நல்ல வெயிலில் பூஜ்யம் என்று நாலைந்து நாள் இருந்தால் மாடல் அதையும் ஒரு வானிலை என்று நம்பிக்கொள்ளும்.

மேகமூட்டத்தையும் ஈரப்பதத்தையும் மாடலுக்குக் கொடுத்துப் பிழிவதைவிட நேரடியாகக் கதிர்வீச்சைக் கொடுங்கள். நேர் வெயில், பரவிய வெளிச்சம் இரண்டும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. பிவிலிப் என்று ஒரு இலவசப் பைத்தான் நூலகம் இருக்கிறது. மேகமே இல்லாவிட்டால் இந்த நிமிடம் உங்கள் கூரையில் எவ்வளவு வெயில் விழும் என்பதை அது சுத்தமாகக் கணக்குப் போட்டுத் தரும். சூரியன் எங்கே நிற்கும் என்பதை ராண்டம் ஃபாரஸ்ட் ஒரு வருஷ டேட்டாவிலிருந்து தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, அது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. அந்தத் தெளிந்த வான அளவில் எத்தனை பங்கு வரும் என்பதை மட்டும் மாடலிடம் கேளுங்கள்.

சதவீதப் பிழையையும் மணிக்கணக்கில் பார்க்காதீர்கள். காலை ஆறரைக்கு 0.05 யூனிட்டுக்குப் பதில் 0.1 என்று சொன்னால் 100 சதவீதப் பிழை, அதனால் யாருக்கு என்ன? நாள் மொத்தத்தை யூனிட்டில் ஒப்பிடுங்கள். கூடவே ஒரு மட்டமான போட்டியாளனை வைத்துக்கொள்ளுங்கள்: "நாளைக்கும் இன்றைக்கு வந்த அளவே வரும்." பிப்ரவரி, மார்ச்சில் இதை ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஓடிக்கொண்டே இருக்கும் உங்கள் ஊரில்தான் மாடலுக்கு உண்மையான சோதனை. அங்கேயும் மணிக்கு மணி சரியாக வராது, ஓடுகிற மேகத்தின் நிழல் எந்த மாடியில் எந்த நிமிடம் விழும் என்று முந்தின நாள் எந்த மாடலாலும் சொல்ல முடியாது.

*

வெயில் கொளுத்தியது, முன்னறிவிப்பும் அதையே சொன்னது. 15 வர வேண்டிய நாளில் 6 யூனிட். ஏன்?
- விசைத்தறி வைத்திருப்பவர், ஈரோடு மாவட்டம்

இன்வெர்ட்டர் செயலியில் அன்றைய கோட்டைத் திறந்து பாருங்கள், அதன் வடிவமே சொல்லிவிடும். காலை 9 மணிக்குச் செங்குத்தாக விழுந்து, மதியம் 2 மணிக்குச் செங்குத்தாக எழுந்திருந்தால் அது மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை. லைனில் வேலை பார்ப்பவருக்குக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஈபி சப்ளை போனதும், அந்த லைனோடு இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். வானிலை மாடலுக்கு இது எப்படித் தெரியும்? மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்து நீங்கள்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

கோடு நல்ல உச்சியில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியிருந்தால் வேறு கதை. ஊர்க் கோடியில், டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில், ஒரே லைனில் நாலைந்து வீடுகளில் சோலார் இருந்து, அன்று தறியும் ஓடவில்லை என்றால் லைன் வோல்டேஜ் எகிறும். வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் கழன்றுகொண்டு, சில நிமிடம் கழித்து மறுபடி சேரும். பிழைப் பட்டியலில் "கிரிட் ஓவர் வோல்டேஜ்" என்று பதிவாகியிருக்கும். அதை ஸ்கிரீன் ஷாட் எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள், டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். வெறும் வாயால் "யூனிட் குறைகிறது" என்றால் பேனல் போட்டவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

*

ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் முன்னாடி முன்னறிவிப்பை நம்பலாம்? கஜாவைப் பார்த்த ஊர் சார் எங்களுடையது.
- வாசகி, வேதாரண்யம்

2018 நவம்பர் 16-க்குப் பிறகு உங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் இந்த முன்னறிவிப்பு நிஜமாகவே வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டு வகை நாட்கள் உண்டு. தாழ்வு மண்டலமோ புயலோ வந்து வானம் முழுக்க மூடிக்கொள்ளும் நாள், அது ஒரு வகை. இது இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஓரளவு நன்றாகத் தெரிந்துவிடும், 3 கிலோவாட்டுக்கு 2 முதல் 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. தவறினால் ஒரு நாள் முன்னே பின்னே தவறும், மேகக் கூட்டம் மெதுவாக நகர்ந்தால் இருட்டு ஒரு நாள் நீளும். இன்னொரு வகை, காலையில் பளிச்சென்று வெயில், கடலிலிருந்து திடீரென்று ஒரு மேகம் வந்து கொட்டிவிட்டுப் போகும் நாள். அந்த நாளில் நேற்றைய கணிப்பைக்கூட நம்ப முடியாது. அன்றைய காலை இன்சாட் செயற்கைக்கோள் படமும் காரைக்கால் ரேடார் படமும் பார்த்து, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சொல்லலாம், அவ்வளவுதான்.

எந்த வகை நாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே மாடலைப் பார்க்காமல் ஐரோப்பிய, அமெரிக்க, ஜெர்மன் மாடல்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8, 9, 10 மெகாஜூல் என்று மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். 8, 14, 20 என்று ஆளுக்கொன்று சொன்னால் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம், அப்போது இருப்பதிலேயே சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீணாக ராத்திரி ஈபி-யில் பேட்டரியை நிரப்பிவிட்டால் நஷ்டம் சில ரூபாய். நிரப்பாமல் விட்டு, மறுநாள் வெயிலும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் போனால் நஷ்டம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று வானிலை மையம் அறிவித்துவிட்டால் எந்த எண்ணையும் பார்க்காமல் நிரப்பிவிடுங்கள், மேல் தொட்டித் தண்ணீரையும் சேர்த்து.

*

ஜூன் மாதத்தில் தினமும் காலை 8 முதல் ஒன்பதரை வரை உற்பத்தி பள்ளத்தில் விழுகிறது. ஜனவரியில் இப்படி இல்லை. மேகமும் இல்லை.
- வாசகர், மதுரை

வடகிழக்கு மூலையில் தண்ணீர் டேங்க் இருக்கிறதா? ஜூனில் சூரியன் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. பேனல் போடும்போது தெற்குப் பக்கம் நிழல் விழுமா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூடத் தொடராக இணைத்த மொத்த வரிசையையும் இழுத்துவிடும். டேங்கை நகர்த்த முடியாவிட்டால் ஆவணி வரை பொறுத்துக்கொள்ளுங்கள், கணிப்பில் மட்டும் ஜூன், ஜூலைக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஐயா, நாங்களும் கூரையில் சோலார் போட்டிருக்கிறோம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை எல்லோரையும் பகலில் மூன்று மணி வரைக்கும் சோலாரை நிறுத்தி வைக்கச் சொன்னது. வெயில் வீணாகப் போகிறதே, முன்னறிவிப்பு வைத்துச் சமாளிக்க ஏலாதா?
- வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கோபம் நியாயம், ஆனால் அவர்கள் பயந்ததிலும் காரணம் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் இருண்டதே, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஏறியதுதான் காரணம் என்று உலகமே சிரித்தது. குரங்கு தொடங்கி வைத்ததை நாடு முழுக்கப் பரவவிட்டது வேறு. ஞாயிறு முற்பகல், தொழிற்சாலைகள் இல்லை, தேவை குறைவு, வெயில் உச்சம், கூரை சோலார் கொட்டுகிறது. அந்த மாதிரி நேரத்தில் கனமாகச் சுழலும் பெரிய டர்பைன்களில் பலவற்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு இடத்தில் தடங்கல் வந்து அதிர்வெண் ஆடும்போது அதைத் தாங்கிப்பிடிக்க அந்தச் சுழற்சிதான் வேண்டும். அது போதாதபோது மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். புத்தாண்டு விடுமுறை என்றால் அதே நிலை ஒரு நாளல்ல, ஒரு வாரம்.

முன்னறிவிப்பு இதற்கு உதவுமா என்றால், வீட்டுக்கு உதவுவதைவிடக் கட்டுப்பாட்டு அறைக்கு நன்றாகவே உதவும். ஒரு வீட்டின் பத்து மணிக் கணக்கு மேகத்தைப் பொறுத்துத் தப்பும். யாழ்ப்பாணத்தில் ஒரு மேகம், மட்டக்களப்பில் வெயில், காலியில் மழை என்று ஆயிரக்கணக்கான கூரைகளைக் கூட்டினால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், மொத்தம் வெகு நேர்த்தியாக வந்துவிடும். ஆனால் 10 மணிக்கு இத்தனை மெகாவாட் வரப்போகிறது என்று முந்தின நாளே தெரிந்தாலும், வந்ததைப் போட்டு வைக்கப் பேட்டரியோ, தேவையான கூரைகளை மட்டும் தூரத்திலிருந்து குறைக்கும் வசதியோ இல்லை என்றால் தெரிந்து என்ன பிரயோசனம்? எல்லோரையும் நிறுத்தச் சொல்வதுதான் மிஞ்சும். சின்னக் கூரை சோலாரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது என்பதுதான் சிக்கல், வானிலைக் கணிப்பு அல்ல.

மறுபடி அப்படி நிறுத்தச் சொன்னால், முதலில் இன்வெர்ட்டரிலிருந்து மெயினுக்குப் போகும் ஏசி பிரேக்கரை இறக்குங்கள், அதன் பிறகு டிசி சுவிட்சைத் திருப்புங்கள். வெயில் இருக்கும்போது பேனல் ஒயரின் கனெக்டரை மட்டும் கையால் பிடுங்கிவிடாதீர்கள், டிசி-யில் பொறி பறந்தால் ஏசி மாதிரி சட்டென்று அணையாது.